லைசன்ஸ் அண்ணை

எங்கட பங்குக் கோயிலில அடிக்கிற மலருக்கு அந்தாளைப் பற்றி நல்லதா நாலு வரி எழுதித் தாங்கோ எண்டு போன மாசம் கேட்டவை. எழுதிக் குடுத்தனான். நேர்மையானவர், சட்டத்தை மதிக்கிறவர், பங்குச் சனத்துக்கு மீன்பிடி லைசன்ஸ் எடுத்துக் குடுத்தவர், எல்லாம் அதில இருக்கு. ஒண்டும் பொய்யில்லை. ஆனா அந்தாளில எனக்கு எத்தினை வருசமா எரிச்சல் இருந்தது எண்டதைக் கோயில் மலரில போட ஏலாது. அதை இஞ்ச எழுதிறன்.

பேர் சொல்ல மாட்டன். சொன்னாலும் கன பேருக்குத் தெரியாது. கிழக்கு லண்டனில எங்கட ஆக்களுக்கு அவர் லைசன்ஸ் அண்ணை, அவ்வளவுதான். யாழ்ப்பாண டவுண் ஆள். தகப்பன் கச்சேரி எண்ட அரசாங்கக் கந்தோரில பெரிய உத்தியோகம் பாத்தவர். கடலோட அவருக்கு இருந்த சம்பந்தம் பின்னேரத்தில பண்ணைக் கடற்கரைப் பக்கம் போய் நிண்டு காத்து வாங்கினது மட்டும்தான். இஞ்ச கவுன்சிலில கார்களுக்கு டிக்கெட் எழுதிற வேலை. மெலிஞ்ச மனுசன். சேட்டுப் பொக்கற்றில எப்பவும் மடிச்ச கடதாசி ஒண்டு இருக்கும். அண்டைக்கு அவர் போற இடத்தின்ர ரூல்ஸ் அதில இருக்கும். பார்க்குக்குப் போனால் பார்க்கின்ர ரூல்ஸ், நீச்சல் குளத்துக்குப் போனால் நீச்சல் குளத்தின்ர ரூல்ஸ். வாசலில போர்ட் இருந்தால் அதை முதல் வரியில இருந்து கடைசி வரி மட்டும் வாசிச்சு முடிக்காமல் உள்ள கால் வைக்க மாட்டார். கூடப் போன நாங்கள் குளிருக்க நிப்பம்.

ஒருக்கா எங்கட சுவாமி, சாகக் கிடந்த ஒரு கிழவிக்கு அவஸ்தை எண்ணெய் பூசப் போன அவசரத்தில மஞ்சள் கோட்டில காரை விட்டிட்டார். அண்ணை வந்து டிக்கெட் எழுதி ஒட்டிப்போட்டார். சுவாமியின்ர கார் எண்டு தெரியாமலில்லை, கண்ணாடியில செபமாலை தொங்குது. ஞாயிறு பூசை முடிஞ்ச கையோட சுவாமியிட்டப் போய், ஏன் எழுதினனான், அதை எதிர்த்து எப்பிடி அப்பீல் போடுறது, என்ன காரணம் எழுதினால் ரத்துப் பண்ணுவினம் எண்டெல்லாம் தானே சொல்லிக் குடுத்தவர். ரத்தும் ஆனது. வேற ஒருத்தன் எண்டால் அதுக்குப் பிறகு பங்கில தலை காட்ட ஏலாது. அந்தாளுக்கு மரியாதை கூடினது. எனக்கு வயித்தெரிச்சல் அங்கதான் துவங்கினது எண்டு நினைக்கிறன்.

பிறகு டொக்டர் பிரஷர் கூட எண்டு சொல்லி, தலைக்கு அமைதி தாற மாதிரி ஏதும் பழகச் சொன்னவராம். அண்ணை மீன் பிடிப்பம் எண்டு முடிவெடுத்தார். வேற ஆரும் எண்டால் முதல் தூண்டில் வாங்குவான். இந்த மனுசன் மூண்டு மாசம் வாசிச்சுக்கொண்டிருந்தார். இந்த நாட்டில கடலைத் தவிர ஆறு, குளம், கால்வாய் எதில தூண்டில் போடுறதெண்டாலும் அரசாங்க லைசன்ஸ் வேணும். அது காணாது, தண்ணி ஆருக்குச் சொந்தமோ அவையிட்டையும் அனுமதி எடுக்கோணும். விலாங்கு பிடிபட்டால் கட்டாயம் திருப்பி விடோணும். மார்ச் நடுவில இருந்து ஜூன் நடு மட்டும் ஆத்தில தூண்டிலே போட ஏலாது, அது மீன் முட்டையிடுற காலம். இதெல்லாம் எனக்கு அந்தாள் சொல்லித்தான் தெரியும். அந்தாள் சொல்லித் தெரிஞ்சது எண்டதுதான் எனக்குச் செமிக்கேல்லை.

ஜூன் பதின்மூண்டு அந்தோனியார் திருநாள். எங்கட மன்னார்ப் பக்கத்து ஆக்கள் கொஞ்சப் பேர் பூசை முடிய லீ எண்ட ஆத்துக்குப் போய், அந்தோனியாரை நினைச்சு ஒரு தூண்டில் போடுவம் எண்டு வெளிக்கிட்டவை. சாப்பாடும் கட்டியாச்சு. அண்ணை கோயில் வாசலில நிண்டு, இன்னும் மூண்டு நாள் இருக்கு, பதினாறாம் திகதிதான் ஆறு திறக்கும் எண்டு சொல்லிப்போட்டார். இந்த ஊரில மீனுக்கும் லீவு குடுக்கிறாங்களோ எண்டு நான் பகிடி விட்டன். ஆரும் சிரிக்கேல்லை. எல்லாரும் அவற்ற முகத்தையே பாத்துக்கொண்டு நிண்டவை. கட்டின சோத்தைக் கோயில் ஹோலில இருந்து சாப்பிட்டுட்டு, அடுத்த சனி அவரோட போனவை. போக முதல் ஹோலில மேசை போட்டு, ஒவ்வொருத்தரின்ர போனிலயும் லைசன்ஸ் எடுத்துக் குடுத்தவர். பேர், பிறந்த திகதி, விலாசம். பத்து நிமிசத்தில ஒரு ஆளை முடிச்சுப்போடுவார். என்னையும் கூப்பிட்டவர். எனக்கு வேண்டாம், மீன் நாத்தம் எனக்குச் சரிவராது எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன்.

அது பச்சைப் பொய். நான் மீன் நாத்தத்துக்கையே பிறந்தவன்.

அப்பா மன்னார்க் கரையில வள்ளம் வைச்சுத் தொழில் செய்தவர். எட்டு வயசில நானும் வள்ளத்தில ஏறிட்டன். காத்து எந்தப் பக்கம் திரும்புது, நீர் எப்ப வத்தும், என்ன மீன் எந்த மாசம் கரைக்குக் கிட்ட வரும் எண்டு ஆரும் எனக்குக் கடதாசியில எழுதித் தரேல்லை. ஆனா லண்டனுக்கு வந்து, பங்கு மூலமா என்ர மனுசியைக் கலியாணம் பேசேக்க, அவையள் டவுண் ஆக்கள், வாத்தியார் குடும்பம். எங்கட சனத்துக்கு வேதம் ஒண்டெண்டாலும் சாதி ஒண்டில்லை. அப்பா என்ன செய்தவர் எண்டு கேட்டவை. கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில கிளாக் எண்டு சொல்லிப்போட்டன். சங்கத்தில அவர் உறுப்பினர்தானே, அதில கொஞ்சம் மெய்யும் இருக்கெண்டு மனசுக்குச் சமாதானம். கலியாணம் பதியேக்க, பதிவு செய்ய இருந்த வெள்ளைக்காரப் பெண்மணி தகப்பன்ர தொழில் என்ன எண்டு கேட்டு, நான் சொன்னதை அப்பிடியே புத்தகத்தில எழுதினவ. அரசாங்க முத்திரையோட அப்பா கிளாக் ஆகிட்டார். மெய்யைச் சொல்ல வேற ஆக்களுமில்லை. சண்டைக்குள்ள ஊர் முழுக்கச் சிதறிட்டுது. பிரான்சில இருக்கிற அக்காவும் அதையே சொல்லிப் பழகிட்டா.

ஆனபடியால் வீட்டில நான் மீன் வெட்டத் தெரியாத மனுசன். அப்டன் பார்க் கடைத்தெருவில மீன் வாங்கினால் கடைக்காரனிட்டயே வெட்டிக் கேப்பன். கை காட்டிக் குடுத்திடும் எண்ட பயம். இருபது வருசத்துக்கு மேல அப்பிடி நடிச்சிட்டன்.

இப்ப விளங்கும் எனக்கு ஏன் பத்தி எரிஞ்சது எண்டு. அந்தாளுக்கு அது பொழுதுபோக்கு, எனக்கு அது பிறப்பு. அவர் தூண்டிலைத் தோளில வைச்சுக்கொண்டு பஸ்ஸில ஏறினால் எல்லாரும் ஆசையா விசாரிப்பினம். நான் அதே தூண்டிலோட ஏறினால், ஓகோ இவர் அந்தச் சனமோ எண்டு ஒரு பார்வை வரும். வராமலும் விடலாம். வரும் எண்டுதான் நான் நம்பிக்கொண்டிருந்தனான்.

இதுக்குள்ள என்ர மனுசி லைசன்ஸ் எடுத்திட்டாள். எடுத்து, பங்குப் பெண்டுகளோட சனிக்கிழமையில அண்ணையின்ர குழுவோட குளத்துக்குப் போகத் துவங்கினாள். வந்து எனக்கு வகுப்பு எடுப்பாள். மீனைத் தூக்க முதல் கையை நனைக்கோணுமாம், இல்லாட்டி அதின்ர தோலில இருக்கிற வழுவழுப்புப் போயிடுமாம், அண்ணை சொன்னவராம். தூண்டில் முள்ளை எப்பிடிக் கழட்டுறதெண்டு குசினி மேசையில கரண்டியை வைச்சுக் காட்டுவாள். பிழையாக் காட்டுவாள். நான் ஓம் ஓம் எண்டு கேட்டுக்கொண்டிருப்பன். உள்ளுக்க கொதிக்கும். என்ர மனுசிக்கு மீனைப் பற்றிச் சொல்லிக் குடுக்க வேண்டிய ஆள் நான். அந்த இடத்தில அந்தாள் கதிரை போட்டு இருக்கிறார், அதுவும் நான் காலியா விட்டுக் குடுத்த கதிரை.

ஷிப்ட் இல்லாத ஒரு நாள், வீட்டில உம்மெண்டு இருக்காமல் அண்ணையோட போய் இருந்திட்டு வாங்கோ எண்டு மனுசி துரத்தினாள். போனன். அந்தாளில அப்பிடி என்னதான் இருக்கெண்டு பாக்கவும் ஒரு ஆசை.

கால்வாய்க் கரை. அண்ணை ரெண்டு தூண்டில் போட்டிருந்தார். ஒரு லைசன்சில ரெண்டு தூண்டில் வைக்கலாம் எண்டு சொல்லியிருந்தவர். முடிச்சுப் போட்டிருந்த விதத்தைப் பாக்க எனக்குக் கை துறுதுறுத்தது. கொஞ்ச நேரத்தில, தேத்தண்ணி வாங்கி வாறன் எண்டு எழும்பினவர், ரெண்டு நூலையும் சுத்தி எடுத்து, தூண்டிலைப் புல்லில வைச்சிட்டுத்தான் போனவர். ஆளில்லாமல் தூண்டிலைத் தண்ணிக்க விடக்கூடாதாம், அதுவும் ரூல்.

அவர் அங்கால போக நான் ஒண்டை எடுத்தன். லைசன்ஸ் ரெண்டு தூண்டிலுக்கு, நாங்கள் ரெண்டு பேர், கணக்குச் சரி எண்டது என்ர எண்ணம். எங்கட வீடுகளில ஒராள் லைப்ரரி கார்ட் எடுத்தால் முழுக் குடும்பமும் பாவிக்கிறதுதானே. அவற்ற முடிச்சை அவிட்டு அப்பாவின்ர முடிச்சுப் போட்டு, கரையோரத்து நிழலுக்க விட்டன். பத்து நிமிசமில்லை, இழுத்தது. என்ன இழுவை அது! கையெல்லாம் உயிர் வந்திட்டுது எனக்கு. தூக்கிப் பாத்தால் நல்ல மொத்த விலாங்கு. மிளகாய் கூடப் போட்டுக் கறி வைக்கிறதைப் பற்றி யோசிக்கிறன், ஆரோ பின்னால நிண்டு ஹலோ எண்டுறான். திரும்பினால் பெய்லிப். லைசன்ஸ் பாக்க வாற காவல்காரர்களுக்கு இஞ்ச அதுதான் பேர். அவனுக்குப் பின்னால ரெண்டு கையிலயும் தேத்தண்ணிக் கப்போட அண்ணை.

என்ர இங்கிலீசில ரெண்டு தூண்டில், ரெண்டு ஆள் எண்டு விளங்கப்படுத்தினன். அப்பிடியில்லை, லைசன்ஸ் ஒரு ஆளுக்கு, அந்த ஆள் மட்டும்தான் ரெண்டையும் பிடிக்கலாம் எண்டான். இந்தத் தூண்டிலை ஆர் போட்டது எண்டு அண்ணையைப் பாத்துக் கேட்டான். நான் அண்ணையைப் பாத்தன். நான் போட்டது எண்டு அவர் ஒரு சொல்லுச் சொன்னால் காணும், எல்லாம் முடிஞ்சிடும். தூண்டில் என்ர, போட்டது அவர் எண்டு அந்த மனுசன் தெளிவா, ஆறுதலாச் சொன்னார். பெய்லிப் என்ர பேர் விலாசம் எழுதினான். விலாங்கை நானே என்ர கையால திருப்பித் தண்ணிக்க விட்டன். பிறகு கடிதம் வந்து குற்றப்பணமும் கட்டினது வேற கதை.

பெய்லிப் போன பிறகு எனக்கு வந்த ஆத்திரத்தை என்னெண்டு சொல்ல. வாயில இருந்தது எல்லாம் வந்திட்டுது.

"என்ர அப்பா நாப்பது வருசம் கடலில வலை இழுத்தவர். நான் எட்டு வயசில வள்ளத்தில ஏறினனான். எனக்கு மீன் பிடிக்க நீங்கள் ரூல் சொல்லித் தாறியளோ?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னனான் எண்டு எனக்கே கேட்டது. லண்டனில என்ர வாயில இருந்து அது வெளியில வந்த முதல் நாள். அண்ணை கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். அப்பா கிளாக் எண்டுதான் என்ர மனுசி அவருக்குச் சொல்லியிருந்தவள், அதை யோசிச்சிருப்பார். பிறகு கேட்டார்.

"அப்ப ஏன் தம்பி லைசன்ஸ் எடுக்கேல்லை? அந்தப் போர்மில தகப்பன்ர தொழில் கேக்கிறேல்லையே."

எனக்குக் கலியாணப் புத்தகம் கண்ணுக்கு முன்னால வந்தது. அண்ணை தேத்தண்ணிக் கப்பை என்ர கையில தந்து, நானாக ஆருக்கும் சொல்ல மாட்டன், ஆனா ஆரும் நேர கேட்டால் பொய் சொல்ல எனக்கு ஏலாது, அதை நீங்கள் யோசிச்சுக்கொள்ளுங்கோ எண்டார். கார் டிக்கெட்டை அப்பீல் பண்ணுறது எப்பிடி எண்டு சொல்லுற அதே குரல்.

அதுக்குப் பிறகு எனக்கு நிம்மதி போச்சு. ஞானஸ்நானம், சாமத்தியச் சடங்கு, கலியாணம் எங்க போனாலும் அந்தாள் ஆரோட கதைக்கிறார் எண்டு பாத்துக்கொண்டிருப்பன். மனுசி அவருக்குப் பக்கத்தில இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. என்ர உயிர் நாடி அந்த மனுசன்ர கையில, அவரோ ஒண்டும் நடக்காத மாதிரி மற்றவைக்கு மீனின்ர நீளம் அளக்கக் காட்டிக்கொண்டிருக்கிறார். எரிச்சலுக்கு மேல இப்ப பயமும். ஆனா ஒண்டு சொல்லோணும். அண்டைக்குக் கால்வாய்க் கரையில தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு அப்பாவைப் பற்றி அரைமணித்தியாலம் கதைச்ச மாதிரி இந்த ஊரில நான் ஆரோடயும் கதைச்சதில்லை. பிறகும் ரெண்டு மூண்டு தரம் கள்ளமாப் போய் இருந்திருக்கிறன், லைசன்ஸ் எடுத்துக்கொண்டுதான். அப்பா காத்தைப் பாத்து என்ன சொல்லுவார் எண்டு கேப்பார். சொல்லுவன். தன்ர கடதாசிக்குப் பின்பக்கத்தில எழுதி வைப்பார்.

ஒரு ஈஸ்டருக்கு மச்சான் வீட்டில விருந்து. மனுசியின்ர தமையன், வட லண்டனில வீடு. அண்ணையையும் கூப்பிட்டிருந்தவை. சாப்பிடேக்க மச்சான் சிரிச்சுக்கொண்டு, கச்சேரி உத்தியோகத்தரின்ர பிள்ளை நீங்கள், அந்தக் கரையார்ச் சனம் செய்யிற வேலைக்குப் போய் லைசன்ஸ் எடுக்கிறியளே எண்டு பகிடி விட்டான். பிறகு என்ர பக்கம் திரும்பி, உங்கட அப்பாவும் பாவம், அந்தச் சனத்தோட மாரடிச்சிருப்பார் என்ன எண்டான். அண்ணை என்னைப் பாத்தார். நான் கோப்பையைப் பாத்தன். ஓம் எண்டும் சொல்லேல்லை, இல்லை எண்டும் சொல்லேல்லை. ஒரு சிரிப்பு மாதிரி ஒண்டு வந்தது என்ர முகத்தில, அதை நினைச்சால் இப்பவும் கூசுது. அண்ணை பாதிச் சாப்பாட்டில எழும்பி, கையைக் கழுவி, கோட்டைப் போட்டுக்கொண்டு போயிட்டார்.

எழும்பியிருக்க வேண்டியது நான். அதையும் அந்தாள் செய்துபோட்டார். அண்டைக்கு அவரில எனக்கு வந்த பொறாமை மாதிரி அதுக்கு முதலும் வரேல்லை, பிறகும் வரேல்லை. வரேக்க காரில மனுசி, அண்ணைக்கு ஏன் கோவம் வந்தது எண்டு கேட்டாள். எனக்கென்ன தெரியும் எண்டன்.

பென்சன் எடுத்த பிறகு அண்ணை கனடாவுக்கு மகளிட்டப் போக வெளிக்கிட்டார். ஒரு ஞாயிறு மத்தியானம் கோயில் ஹோலில சாப்பாடு வைச்சு அனுப்பினம். சேட்டுப் பொக்கற்றில புதுக் கடதாசி. அங்க மாகாணத்துக்கு மாகாணம் வேற வேற சட்டமாம், எந்த மீனுக்கு எத்தினை, எந்த மாசம் எண்டு எல்லாத்தையும் பிளேன் ஏற முதலே படிச்சு வைச்சிருக்கிறார். சனம் ஒவ்வொருத்தரா எழும்பிப் பேசினது. நான் பேசேல்லை. போகேக்க என்ர கையைப் பிடிச்சவர். ஆறு வருசம் ஆரும் அவரை நேர கேக்கேல்லை. அவரும் வாய் திறக்கேல்லை.

பஸ்ஸில வரேக்க மனுசி அழுதுகொண்டு வந்தாள். இப்பிடி ஒரு மனுசனை இனிக் காண ஏலாது, வாழ்க்கையில ஒரு பொய் சொல்லேல்லை எண்டாள். அது எனக்கு எங்கையோ குத்தினது. அந்தாளைப் புகழுறதை நிப்பாட்டோணும் எண்டுதான் வாயைத் திறந்தனான். வந்தது வேற.

"நான் சொன்னனான். என்ர அப்பா கிளாக் இல்லை. அவர் கடலுக்குப் போனவர். நானும் போனனான்."

மேல்தட்டில முன் சீற்று. பார்க்கிங் எண்ட எங்கட ஊர் வரைக்கும் நேரமிருந்தது. எல்லாத்தையும் சொன்னன். வள்ளம், வலை, கரை, அப்பா என்னைத் தூக்கித் தண்ணிக்க போட்டு நீந்தப் பழக்கினது, மச்சான் வீட்டில நான் சிரிச்சது. அவள் முகம் சுளிப்பாள், தமையனுக்குப் போன் அடிச்சுச் சொல்லுவாள், இவ்வளவு நாளும் ஏமாத்தினனீங்களோ எண்டு கேப்பாள் எண்டு இருபத்திரண்டு வருசமா நான் பயந்தது எல்லாத்தையும் எதிர்பாத்துக்கொண்டிருந்தன். ஒண்டும் கேக்கேல்லை. கண்ணைத் துடைச்சிட்டு, அப்பாவின்ர வள்ளத்துக்குப் பேர் இருந்ததோ எண்டு மட்டும் கேட்டாள். சொன்னன். அந்தப் பேரைத் தானும் ஒருக்காச் சொல்லிப் பாத்தாள்.

எனக்கு நெஞ்சு லேசாகிட்டுது. அந்தச் சந்தோசத்தில, மச்சான் வீட்டில அண்ணை ஏன் எழும்பினவர் எண்டு இப்ப விளங்குதோ எண்டு கேட்டிட்டன்.

அவள் என்ர பக்கம் திரும்பினாள்.

"அவருக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"எத்தினை வருசமா?"

"ஆறு."

அதுக்குப் பிறகுதான் அவளின்ர முகம் மாறினது. சாதியைக் கேட்டு மாறாத முகம் அதைக் கேட்டு மாறினது. நான் ஆத்திரத்தில சொன்னது, தெரியாமல் வாயில வந்தது எண்டு என்னென்னவோ சொன்னன். அவள் ஒரு தரம்தான் கேட்டாள், சொன்ன நேரம் அவர் என்ன செய்தவர் எண்டு. ஒண்டும் செய்யேல்லை, தேத்தண்ணி தந்தவர் எண்டன்.

"நல்ல மனுசன். எனக்குச் சொல்லியிருந்தால் நானும் நல்லவளா இருந்திருப்பன். நீங்கள்தான் விடேல்லை."

சொல்லிப்போட்டு மணியை அமத்தினாள். எங்கட இடத்துக்கு இன்னும் ரெண்டு ஸ்டாப் இருந்தது.